கட்டமும் மடிப்பும்

கேள்வி: மறதி நோய் வருமா என்று ரத்தத்தில் ஒளியைப் பாய்ச்சியே சொல்லிவிடலாமாமே! இது ஜோசியமா, விஞ்ஞானமா?

பதில்: ஜோசியர் கட்டத்தைப் பார்ப்பார், ஜெர்மனியின் போஹும் நகரில் கிளாவுஸ் கெர்வெர்ட் குழுவினர் புரதத்தின் மடிப்பைப் பார்க்கிறார்கள். ரத்தத்திலுள்ள அமிலாய்டு-பீட்டா என்ற அந்தப் புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து நிறுத்தி, அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துகிறார்கள். அதன் சுருள் வடிவம் கோணலாக மடிந்து தாள் வடிவமானால், உறிஞ்சப்படும் அலையெண் சுமார் 1650-லிருந்து 1630 பக்கம் நகரும். புரதத்தின் அளவை மட்டும் பார்க்கும் பரிசோதனை தலையை எண்ணும், முகத்தைப் பார்க்காது. நோய் கண்டறியப்படுவதற்கு 17 ஆண்டுகள் வரை முன்பே அபாயத்தை இந்த மடிப்புப் பரிசோதனை காட்டக்கூடும் என்றது 2022-இல் வந்த ஆய்வு. குணப்படுத்த மருந்தில்லாதபோது தெரிந்து என்ன பயன் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் லெகானெமாப் போன்ற மருந்துகள் நோயை ஓரளவு தாமதப்படுத்துவதே ஆரம்ப நிலையில்தான். யாருக்கு ஆரம்பம் என்று தெரியாமல் யாருக்குக் கொடுப்பது? மடிப்பு கோணலான எல்லோருக்கும் மறதி வராது என்பதும் உண்மை. அதனால் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு இந்த ரிப்போர்ட்டையும் கேட்காமல் இருந்தால் சரி.