ரெடி ஆயிருச்சு: சேவைத் தொழில்களில் காலவழுவமைதி குறித்து ஓர் ஆய்வு

மதுரையில் நான் வழக்கமாகத் துணி கொடுக்கும் தையற்கடையில் என் பேன்ட் ஒன்று 19 நாளாக ‘ரெடி ஆயிருச்சு’ என்ற நிலையில் இருக்கிறது. காஜா எடுக்கவில்லை. பட்டன் கட்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை கட்டிங் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்ததில், இடது காலும் வலது காலும் இன்னும் சந்திக்கவே இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டபோதெல்லாம் கடைக்கார அண்ணன் இறந்தகாலம் தவறாமல் விடை சொன்னார். “ரெடி ஆயிருச்சு தம்பி. காஜா மட்டுந்தான் பாக்கி.”

வீட்டில் இதைப் பொய் என்கிறார்கள். மாடியில் குடியிருப்பவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ‘பச்சைப் பொய்’ என்கிறார். இக்கட்டுரை இரு தரப்பாரையும் மறுக்க எழுந்தது. அண்ணன் சொன்னது பொய்யன்று, இலக்கணம் என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

தொல்காப்பியர் தையற்கடை எதையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அதற்கு வேண்டிய சலுகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சொல்லதிகாரத்து வினையியலில் அவர் வகுத்த விதி இது: இனி நடக்கப்போவதையும், நடந்துகொண்டிருப்பதையும், விரைவு காரணமாக நடந்து முடிந்ததாகச் சொல்லலாம். பிழை ஆகாது. பிற்காலத்தில் பவணந்தியாரும் நன்னூலில் இதை ஒப்புக்கொண்டு, விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டார். வழுதான், ஆனால் அமைத்துக்கொள்ளலாம் என்பதால் காலவழுவமைதி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்துவிட்ட இந்த விதியின் மேல்தான் நாட்டின் பழுதுபார்ப்புத் தொழில் முழுவதும் நின்றுகொண்டிருக்கிறது.

இவ்விதிக்குச் சேனாவரையர் காட்டும் எடுத்துக்காட்டு கவனிக்கத்தக்கது. ஒருவனுக்குச் சோறு வரத் தாமதம் ஆகிறது. வெளியே போக அவசரப்படும் இன்னொருவன், ‘இன்னுமா சாப்பிடவில்லை?’ என்கிறான். இலையில் கையே வைக்காதவன், சாப்பிட்டாயிற்று, வந்தாயிற்று என்கிறான். பாதி சாப்பிட்டுக்கொண்டிருப்பவனும் அதையேதான் சொல்வான் என்கிறார் உரைகாரர். சோறு ஏன் தாமதமானது, சமையற்கட்டில் இருந்தவர் அதற்கு என்ன சொன்னார் என்பதை அவர் குறிக்கவில்லை. ‘கொதிச்சிருச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார் என்பது இவ்வாய்வாளரின் ஊகம்.

கொள்கை கிடைத்துவிட்டது. களத்தில் பார்க்க வேண்டும் அல்லவா? சென்ற சனிக்கிழமை களப்பணிக்குப் புறப்பட்டேன். (இதை வீட்டில் ‘ஊர் சுத்தப் போறது’ என்பார்கள்.) பழுதுக்குக் கொடுத்த மிக்ஸி ஜாரை வாங்குவது, எங்காவது ஒரு தோசை, அப்புறம் பேன்ட். இவ்வளவுதான் திட்டம்.

காளவாசலில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. “பெரியார், பெரியார்! ஏறுங்க சார், வண்டி எடுத்தாச்சு. ஒரே ஆள்தான்.” அந்த ஒரே ஆள் நான்தான் என்ற பெருமிதத்தோடு ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பிறகு இன்னும் மூன்று ‘ஒரே ஆள்’ ஏறினார்கள். எடுத்தாகிவிட்ட வண்டி அதுவரை முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று உறுமிக்கொண்டிருந்தது. இது வெறும் அவசரமன்று, நுட்பமான கலை. நிற்கிற வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள், ஓடுகிற வண்டியில் ஏற முடியாது. ‘எடுத்தாச்சு’ என்ற சொல்லுக்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் நிலையை ஆட்டோக்காரர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள்.

மிக்ஸி கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஜாரில் புஷ் தேய்ந்து கசிவு. திங்கட்கிழமை கொடுத்தது, புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். நான் போனது அதைத் தாண்டிய சனி. கடைக்காரர் தலை நிமிராமல் சொன்ன வாக்கியம் இந்த ஆய்வுக்குக் கிடைத்த தங்கக் கட்டி: “நேத்தே ரெடி சார். பொருள் வரணும்.”

வாசகர் இதை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். வேலை நேற்றே முடிந்துவிட்டது. வேலைக்கு வேண்டிய பொருள் இனிமேல்தான் வரும். இரண்டும் ஒரே மூச்சில், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல். சேனாவரையரின் ஆள்கூடச் சோறு வருவதற்கு முன்பு சாப்பிட்டுவிட்டதாகத்தான் சொன்னான். நெல் இன்னும் வயலில் நிற்கிறது என்று சேர்த்துச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு இல்லை. மதுரை மெக்கானிக் இலக்கணத்தை உரைகாரர்களைத் தாண்டி எடுத்துப் போயிருக்கிறார்.

அதே கடையில் இன்னொரு சான்றும் கிடைத்தது. என் மிக்ஸியின் உடம்புப் பகுதியைப் போட்டுப் பார்த்தார். கருகல் நாற்றம் சந்து முழுக்கப் பரவியது. “மோட்டார் கொஞ்சம் வீக்கா இருக்கு” என்றார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு. அரிசி தீர்ந்துபோனால் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொன்ன பாட்டிகளின் பேரன் இவர். எரிந்துபோன ஆர்மேச்சரை எப்படி ‘எரிஞ்சுபோச்சு’ என்பார்? நம் கடைகளில் யாரும் ‘இல்லை’, ‘முடியாது’, ‘ஆகாது’ என்று சொல்வதில்லை. கிளம்புகிறவர்கூட ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வர்றேன்’ என்று சொல்லிப் போகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் வராத பொருளை வராது என்று எவரும் வாய்விட்டுச் சொல்வாரா? ‘நாளைக்கு வாங்க’ என்பார். அதை நாள் குறித்த வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது கேட்பவரின் பண்பாட்டுக் குறைவு.

தோசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘வந்துருச்சு சார்’ என்று பரிமாறுபவர் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை ‘கல்லுல கெடக்கு’ என்று நிகழ்காலத்துக்கு இறங்கினார். அப்போதே எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இந்த இறக்கம்தான் முக்கியமான கண்டுபிடிப்பு. காலமும் தூரமும் சேவைத் தொழிலில் தலைகீழாக இயங்குகின்றன. வீட்டுக்கு வருவதாகச் சொன்ன எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்கள். ‘வந்துட்டேன் சார்’ என்றால் அவர் இன்னும் வேறொரு வீட்டில் ஏணி மேல் நிற்கிறார். ‘வந்துட்டே இருக்கேன்’ என்றால் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார், டீக்கடையில் இருக்கிறார். ‘எந்தத் தெரு சார், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துலயா?’ என்று எரிச்சலோடு கேட்டால் மட்டுமே உண்மையிலேயே வந்துவிட்டார். கதவைத் திறந்து வைக்கலாம். ‘வந்துருவேன் சார்’ என்று எதிர்காலம் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தொல்காப்பியரிடம் இன்னொரு விதியும் உண்டு. விரைவு இல்லாவிட்டாலும், நிச்சயமாக நடக்கும் என்று தெரிந்ததை நடந்ததாகவே சொல்லலாம். உரையில் வரும் எடுத்துக்காட்டுகள் இரண்டு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை பெய்துவிட்டதாகவே சொல்லலாம். திருடர் நிறைந்த காட்டுக்குள் ஒருவன் நுழைந்தால் அவன் துணியைப் பறிகொடுத்துவிட்டான் என்று அப்போதே சொல்லலாம். முதலாவதற்கு இன்று உதாரணம் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கு வேண்டாம், உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குள் நுழைகிறவரைப் பார்த்தால் போதும். ‘டிஸ்ப்ளே போயிருச்சு’ என்று அவர்கள் சொல்லும்போது டிஸ்ப்ளே போயிருக்காது. போகும். அது தெளிவு.

இந்த விதியை இயந்திரங்களும் படித்துவிட்டன என்பது அண்மைக்கால வளர்ச்சி. என் வீட்டு ஃபிரிட்ஜ் குளிர மறுத்துப் புகார் கொடுத்தேன். ஆள் வருவதற்கு முன்பு குறுஞ்செய்தி வந்தது: புகார் தீர்க்கப்பட்டதாம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிட வேண்டுமாம். கீழே தெருவில் நின்றபடி டெக்னீஷியன் போன் செய்தார். “சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்ணிட்டு மேல வர்றேன்.” முதலில் தீர்வு, பிறகு பழுது பார்ப்பது. விரைவு, தெளிவு இரண்டும் ஒன்றுகூடிய இந்த முறையைத் தொல்காப்பியர் கண்டிருந்தால் ஒரு சூத்திரம் கூடுதலாக எழுதியிருப்பார்.

தொலைபேசியில் நம்மைக் காக்க வைக்கும் பதிவுக்குரல் இன்னும் கெட்டிக்காரி. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது’ என்கிறாள். ‘முக்கியமானது’ குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. எப்போது முக்கியமாக இருந்தது, இப்போதும் இருக்கிறதா, இனிமேல்தானா, எதற்கும் அவள் பிடி கொடுக்கவில்லை. காலமே சொல்லாதவர் தாமதித்ததாக யார் குற்றம் சாட்ட முடியும்?

சட்டம் இருக்கிறதே என்று மாடி வீட்டுக்காரர் குறுக்கிடுகிறார். இருக்கிறது. 1986இல் வந்த நுகர்வோர் சட்டத்தின் இடத்தில் 2019இல் புதிய சட்டம் வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கும் வந்தது. சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று அதில் விரிவாகவே வரையறுத்திருக்கிறார்கள். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முறையிடலாம். மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட்டால், ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை எதிர்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சரியாகச் சொன்னால், முடிக்க ‘முயற்சி செய்ய’ வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சொல்லை இட்டவர் யாரோ, அவரும் எங்கோ ஒரு தையற்கடையில் துணி கொடுத்துவிட்டு நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

என் பேன்ட்டுக்காக ஆணையம் போகும் எண்ணம் இல்லை. இந்த ஊரில் அவ்வளவு அவசரம் பொருந்தாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் இருக்கிறது. அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. இன்றைக்கும் அதன் பெயர் புது மண்டபம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஒரு கட்டடத்தைப் புதிது என்று கூசாமல் அழைக்கும் ஊரில் 19 நாள் எம்மாத்திரம்? அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் வெகுகாலம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தது அண்மையில்தான். மதுரைத் தையற்காரர்களின் காலக் கணக்கு அந்தக் கல்லிலிருந்து ஊறியது என்று நிறுவலாம். போதாக்குறைக்கு மண்டபத்துக்கு எதிரே அதே நாயக்கர் தொடங்கிய ராய கோபுரம் அடிநிலையோடு நிற்கிறது. அந்தக் காலத்துத் தலைமை ஸ்தபதியை மன்னர் கேட்டிருப்பார். ‘முடிஞ்சிருச்சு மகாராஜா. மேல்தளம் மட்டுந்தான் பாக்கி.’

சனிக்கிழமை மாலை இவ்வளவும் மனத்தில் ஓட, கையில் ஜார் இல்லாமல், தையற்கடைக்குப் போனேன். அண்ணன் மெஷினில் யாருடைய பள்ளிச் சீருடையையோ ஓட்டிக்கொண்டிருந்தார். காஜா பையன் பேப்பரில் சுற்றிய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் துணி மேசைக்கு அடியில் அதே நிலையில், ஆனால் சற்று இடம் மாறிக் கிடந்தது. முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன்.

அப்போது நண்பன் போன் செய்தான். ஆறரைக்குத் தெப்பக்குளத்தில் சந்திப்பதாகப் பேச்சு. மணி ஆறே முக்கால்.

“எங்கடா இருக்க?”

“வந்துட்டேன்டா. இங்க திருப்பத்துலதான்.”

மெஷின் சத்தம் நின்றது. அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற பார்வை அது. எங்கள் வீட்டிலிருந்து தெப்பக்குளம் போக அந்தக் கடை வழியிலேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

“தம்பி, போன தடவை சட்டைக் கூலியில ஒரு இருநூறு நிக்குது.”

“அன்னைக்கே ஜிபேல போட்டுட்டேனேண்ணே. வரலையா?”

போடவில்லை. போட வேண்டும் என்று 19 நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் வந்தால் கூவுகிற சின்னப் பெட்டி அவருக்குப் பக்கத்திலேயே, நூல்கண்டுகளுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும், பஜ்ஜிப் பையனும் சேர்த்து, அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். அது ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

“வந்துருச்சு தம்பி” என்றார். “உங்க பேன்ட்டும் ரெடி ஆயிருச்சு.”