பொயிலர் மாமா

ஹரோ, டூட்டிங், ஈஸ்ற்ஹாம் என்று லண்டனில் தமிழர் கூடி வாழும் எந்தத் தெருவிலும் ஒரு பொயிலர் மாமா இருப்பார். எண்பதுகளில் வந்து, பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்து வீடு வாங்கியவர். பிள்ளைகளின் யூனிவர்சிற்றி, ஊர்க் கோயில் தேர், மருமகளின் அட்டியல், எதற்கும் கணக்குப் பார்க்காதவர். குசினிச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டியை மாற்றச் சொன்னால் மட்டும், "ஏன், உது ஓடுதுதானே?" என்பார்.

ஓடுகிறதுதான். டைவேட்டர் வால்வு இறுகிப் போனதால், ஹீற்றிங்கைப் போட்டால்தான் குழாயில் சுடுதண்ணீர் வரும். ஆகவே ஜூலை மாதத்திலும் ரேடியேற்றர் கொதிக்க, வேர்த்து விறுவிறுத்துத்தான் அந்த வீட்டில் குளிக்கலாம். லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்து, கேத்தில் பொங்குவதுபோல் பெட்டி இரையும். "இரைஞ்சால்தான் பிள்ளை, உயிரோட இருக்கெண்டு தெரியும்."

விடிய எழும்பியதும் சாமி கும்பிடுவார். அடுத்தது பொயிலரின் அமுக்கமானி. ஆறியிருக்கும்போது முள் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். தினமும் அரைக்கு இறங்கியிருக்கும். கீழேயுள்ள சின்னத் திருகைத் திறந்து தண்ணீர் விட்டு, முள் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி. புதுத் தண்ணீரோடு ஒட்சிசனும் உள்ளே போய், ரேடியேற்றர்கள் துருப்பிடித்து, கறுத்த சகதியாகிப் பம்பை அடைக்கும் என்று மகள் சொல்லிப் பார்த்துவிட்டாள். கசிவு எங்கே என்று தேட மாட்டார். தேடினால் யாராவது பிளம்பர் வந்து மாற்றச் சொல்லிவிடுவானே!

விலை கேட்பதில் குறை வைக்க மாட்டார். மாற்ற வேண்டும் என்பவன் கள்ளன். திருத்தலாம் என்பவன் நல்ல பெடியன். விலை சொன்னதும் அவனும் கள்ளன். கடைசியில் மருமகனின் கூட்டாளி ஒருவன், கைராசிக்காரன், ஸ்குறூட்றைவரோடு வருவான். அங்கே மாமி குறுக்கிடுவார். "இஞ்சாருங்கோ, காஸ் சேஃப் காட் இல்லாதவன் என்ர குசினிக்குள்ள கால் வைக்கக் கூடாது!" 2009 முதல் காஸ் வேலைக்குப் பிரித்தானியாவில் அந்தப் பதிவு வேண்டும். சட்டத்துக்குப் பயப்படாத மாமா மாமிக்குப் பயப்படுவார்.

போன மாரிக்குப் பம்ப், அதற்கு முந்தியதற்கு விசிறி, இந்த மாரிக்கு சேர்க்கிட் போர்ட். ரசீதுகளை பிஸ்கற் ரின்னில் வைத்திருக்கிறார், கூட்டிப் பார்த்ததில்லை. தயாரிப்பே நின்றுபோன பாகங்களை ஈபேயில் பிடித்து, மாமியின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாகப் பூட்டும் பொயிலர்கள், பெரும்பாலும் புகையோடு போகும் சூட்டையும் பிடித்து வைப்பவை. மாமாவினது அதற்கு முந்தியது. காசு கொடுத்து வாங்கிய சூட்டில் ஒரு பங்கு நேரே தோட்டத்துக்குப் போகிறது. "கறிவேப்பிலைக் கண்டுக்கும் குளிருந்தானே."

அவர் பக்கமும் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் புதிது பூட்டிய வருடம், முதல் உறைபனியிலேயே வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்து பொயிலர் நின்றுவிட்டது. அன்று மாமாவின் முகத்தில் இருந்த ஒளி மகளின் பட்டமளிப்பு விழாப் படத்தில்கூட இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி அதை இளக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பொயிலருக்குப் பதிலாக ஹீற்பம்ப் பூட்டினால் அரசாங்கம் 7,500 பவுண் மானியம் தருகிறது என்று சொன்னபோது கதிரையை விட்டு எழும்பினார். மிச்சக் காசு நாங்கள் போட வேண்டும், ரேடியேற்றர்களையும் மாற்ற வேண்டி வரலாம் என்றதும் இருந்துவிட்டார்.

வயது குறைந்த பொயிலரில் பம்போ வால்வோ போனால் திருத்துவதே புத்தி. வெப்பமாற்றி வெடித்தால், அல்லது பாகம் கடையில் கிடைக்காமல் போனால், மாற்றத்தான் வேண்டும். இதெல்லாம் மாமாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் திருத்தத் திருத்த ஓடும் ஒரு சாமான் அவருக்கு வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வாதாட வேண்டாம். ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் வாங்கிக் குசினியில் பூட்டிவிடுங்கள். விலை கேட்டால், ஓஃபரில் வந்தது என்று சொல்லுங்கள்.