விழப்போற மருமோனுக்கு

மருமோனே, துபாய்க்குப் போய் ஆகாயத்திலை இருந்து குதிக்கப் போறன் எண்டு கொம்மாவுக்குச் சொன்னியாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தவள். "நீ ஏன் தங்கச்சி அழுகிறாய்? வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னாலை காலி வீதியைக் கடக்க, ஆராவது கிழவி துணைக்கு வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிற பெடியன் அவன். ஆகாயத்திலை கிழவி வராது. திரும்பி வந்திடுவான்" எண்டு ஆறுதல் சொல்லி வைச்சிருக்கிறன்.

குறை நினையாதை. நான் தடுக்க வரேல்லை. குதி, வடிவாய்க் குதி. பதின்மூவாயிரம் அடியிலை ஒருத்தன்ரை நெஞ்சோடை உன்னை வரிஞ்சு கட்டுவாங்கள். அவன் குதிக்க நீயும் சேர்ந்து விழுவாய். அதிலை உனக்குள்ள வேலை வாயைத் திறந்து கத்திறது ஒண்டுதான். அது உனக்குச் சின்னனிலை இருந்து கைவந்தது. ஆனால் "பீலிக்ஸ் மாதிரி" எண்டு சொல்லித் திரியிறாய் பார், அங்கைதான் மாமாவுக்குச் சிரிப்பு வருது.

அந்த ஒஸ்ரியாக்காரன் பீலிக்ஸ் பவும்கார்ட்னர் குதிச்சது 2012 ஒக்ரோபர் 14, அமெரிக்காவிலை நியூ மெக்சிக்கோவிலை. உயரம் 38,969 மீற்றர். எங்கடை தாமரைக் கோபுரத்தை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் நூற்றிப் பத்துக்கு மேலை அடுக்கினால் அந்த இடம் வரும். ஒண்டைக் கட்டினதுக்கே சீனாவிட்டைக் கடன் வாங்கின நாடு இது. அவனை மேலை தூக்கிக்கொண்டு போன பலூன் என்னத்தாலை செய்தது? பொலித்தீன். தடிப்பு 0.02 மில்லிமீற்றர், ஏறத்தாழ 20 மைக்ரோன். 2017இலை இருந்து இஞ்சை 20 மைக்ரோனும் அதுக்குக் குறைஞ்சதும் தடை. உதைப் புறக்கோட்டையிலை விரிச்சிருந்தால், காத்தடிக்க முதல் சுற்றாடல் அதிகாரசபை ஆக்கள் வந்து நிண்டிருப்பினம்.

இவ்வளவு துணிஞ்சவனுக்கும் ஒரு பயம் இருந்தது. உயரத்துக்கில்லை, உடுப்புக்கு. 19 கிலோமீற்றருக்கு மேலை காத்தமுக்கம் அவ்வளவு குறைவு. எங்கடை உடம்புச் சூடே உடம்பிலை உள்ள நீரைக் கொதிக்கப் பண்ணப் போதும். அதாலை அமுக்க உடுப்பு இல்லாமல் ஏலாது. அதுக்குள்ளை பூட்டி வைச்சால் இவனுக்கு மூச்சு முட்டிற மாதிரி. 2010இலை ஆக்கள் பரிசோதனைக்குக் காத்திருக்க, ஆள் விமான நிலையத்துக்குப் போய் ஊருக்கே பறந்திட்டான். பேந்து மனோதத்துவம் தெரிஞ்ச ஒராளைப் பிடிச்சு, உடுப்புக்குள்ளை இருக்கப் பழக்கிக் கொண்டுவந்தவங்கள். கொக்காவின்ரை கலியாணத்திலை போட்ட கோட்டை அரை மணித்தியாலத்திலை கழட்டிக் கதிரையிலை எறிஞ்சவன் நீ. பறவாயில்லை, வீரர்களிட்டை அந்தக் குணம் இருக்குத்தான் போலை.

சரி, சத்தத்தை முந்தினான் எண்டு சொல்லுறாங்களே, அது எப்பிடியெண்டு யோசிச்சனியோ? மேலை காத்து இருக்கு எண்டு பேருக்குத்தான் சொல்லலாம். தடுக்க ஆளில்லாட்டில் விழுறவன்ரை வேகம் ஏறிக்கொண்டே போகும். அங்கை குளிரும் கூட. குளிரிலை சத்தம் மெதுவாய்த்தான் போகும். தரையிலை மணிக்கு 1,225 கிலோமீற்றர் ஓடிற சத்தம் அங்கை 1,100 மட்டிலைதான். இவன் ஒரு நிமிசத்துக்குள்ளை 1,357ஐப் பிடிச்சிட்டான், சத்தத்தின்ரை ஒண்டேகால் மடங்கு. பிறகு கீழை வரவரக் காத்துத் தடிச்சு, அதுவே பிறேக் பிடிச்சுக் குடுத்தது. ஆக, வேகத்தைக் குடுத்தது பூமி, குறைச்சது காத்து. இடையிலை உடம்பு பம்பரமாய்ச் சுழலத் தொடங்கேக்கை, மயங்கிப் போகாமல் கையைக் காலை அசைச்சு நிமிந்தான் பார், அந்தக் கொஞ்சம்தான் அவன்ரை சொந்தச் சம்பாத்தியம். அதுக்கு முன்னம் ஆயிரக்கணக்கான தரம் குதிச்ச பழக்கம் இருந்தது. உனக்குக் கட்டிலாலை விழுந்த பழக்கம் இருக்கு.

கீழை நிண்டு ரேடியோவிலை அவனோடை கதைச்சு, ஒவ்வொண்டாய்ச் சரி பாக்கப் பண்ணின கிழவனை நீ கவனிச்சிருக்க மாட்டாய். ஜோ கிட்டிங்கர், அப்ப 84 வயது. 1960 ஓகஸ்ட் 16இலை, 31,300 மீற்றரிலை இருந்து குதிச்ச மனிசன். ஏறேக்கை வலது கையுறையிலை அமுக்கம் நிக்கேல்லை. கை வீங்கி ரெண்டு மடங்காய்ப் போச்சு. சொன்னால் இறக்கிப் போடுவாங்கள் எண்டு கனநேரம் வாயே திறக்கேல்லை. சின்னப் பரசூட் ஒண்டு நிலைப்படுத்த, 4 நிமிசம் 36 செக்கன் விழுந்தவர். பீலிக்ஸ் விழுந்தது 4 நிமிசம் 20 செக்கன். உயரம் கூட, வேகம் கூட, நேரம் மட்டும் கிழவனிட்டையே தங்கிப் போச்சு. வயசான ஆக்களின்ரை சொல்லைக் கேக்கவேணும் எண்டதுக்கு இனி வேறை என்ன சாட்சி வேணும்?

இப்ப ஒரு கேள்வி. ஆக உயரத்திலை இருந்து குதிச்சவன் ஆர்? பீலிக்ஸ் எண்டுதான் சொல்லுவாய். பிழை. ரெண்டு வருசத்திலை, 2014 ஒக்ரோபர் 24இலை, கூகிளின்ரை உபதலைவர்களிலை ஒராள், அலன் யூஸ்ரஸ், வயது 57, 41,419 மீற்றரிலை இருந்து விழுந்தவர். பீலிக்ஸ் உள்ளுக்கிருந்து போன மாதிரிக் கூடும் இவருக்குக் கிடையாது. பலூனுக்குக் கீழை உடுப்போடை தொங்கிக்கொண்டே போனவர். ஊருக்குச் சொல்லாமல், விளம்பரக்காரனைக் கூப்பிடாமல், வேலையை முடிச்சுப்போட்டு வந்திட்டார். கொட்டாஞ்சேனையிலை ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வாசலிலை நிண்டு பத்துப் பேரிட்டை அவர்ரை பேரைக் கேட்டுப் பார், ஒருதருக்கும் தெரியாது. மருமோனே, உனக்கு வேண்டியது சாதனையோ, பேரோ எண்டு முதலிலை முடிவெடு. பேரெண்டால் உயரத்திலை ரெண்டாமிடமும் விளம்பரத்திலை முதலாமிடமும் காணும்.

சாதனைக்கு நியூ மெக்சிக்கோவும் தேவையில்லை. வல்வெட்டித்துறையான் ஆழிக்குமரன் ஆனந்தன், படிச்ச சட்டத்தரணி, 1979 மே மாசம் இஞ்சை விகாரமகாதேவிப் பூங்காவைச் சுத்திச் சுத்தி 187 மணித்தியாலம் 28 நிமிசம் சைக்கிள் ஓடினவர். அடுத்த வருசம் அதே பூங்காவிலை 33 மணித்தியாலம் ஒற்றைக் காலிலை நிண்டார். பொலித்தீனும் வேண்டாம், ஹீலியமும் வேண்டாம். 1971இலை பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினதை விட்டிட்டுச் சொல்லுறன். 1984 ஓகஸ்டிலை ஆங்கிலக் கால்வாயிலை நீந்தேக்கை உயிரை விட்டிட்டார். அந்த மனிசனுக்காக நீ ஒரு வீடியோவும் பாத்திருக்க மாட்டாய். 2022இலை பெற்றோல் வரிசையிலை நாள்கணக்காய் நிண்ட சனத்தையும் கின்னஸ்காரர் கவனிக்கேல்லை. நீ மட்டும் அண்டைக்கு "கால் நோகுது" எண்டு கொப்பரை நிக்க வைச்சுப்போட்டு வீட்டை வந்தனி.

இனி பகிடியை விட்டிட்டுக் கேள். நிக் பியன்ரனிடா எண்டொரு லொறிச் சாரதி இருந்தவன், நியூ ஜேர்சிக்காரன். இதே சாதனைக்கு ஆசைப்பட்டு, 1966 மே முதலாந் திகதி மேலை போகேக்கை, 17 கிலோமீற்றர் மட்டிலை உடுப்பிலை அமுக்கம் போச்சு. கீழை கொண்டுவந்தும் நினைவு திரும்பேல்லை. நாலு மாசத்திலை செத்தான். அதுக்கு முன்னம், 1962 நவம்பரிலை, ரஷ்யாக்காரன் பியோத்தர் டொல்கொவ் வெளியிலை இறங்கேக்கை தலைக்கவசக் கண்ணாடி கூட்டிலை அடிபட்டு வெடிச்சுது. அவ்வளவுதான். பீலிக்ஸும் இப்ப இல்லை. 39 கிலோமீற்றரிலை தப்பினவன் 2025 யூலை 17இலை, இத்தாலியிலை மோட்டர் பூட்டின பரகிளைடரிலை பறக்கேக்கை விழுந்து செத்தான், 56 வயதிலை.

அதாலை மாமா சொல்லுறது இவ்வளவுதான். கட்டிற வாரை நீயும் ஒருக்கா இழுத்துப் பார், கட்டினவனை மட்டும் நம்பாதை. முதல் நாள் இரவு கொத்துரொட்டி தின்னாதை. உன்னோடை கட்டுப்பட்டு வாறவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. சாதனைதான் வேணுமெண்டால் யூஸ்ரஸின்ரை 41,419 இன்னும் ஒருதரும் தொடாமல் கிடக்கு, போய்த் தொடு. அது வேண்டாமெண்டால் துபாயிலை குதிச்சிட்டு வீடியோவை எனக்கு அனுப்பு. கொம்மாவுக்கு அனுப்பாதை.