கொடி இன்ஸ்பெக்டர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் ஒரு கொடி இன்ஸ்பெக்டர் இருப்பார். கம்பெனி அந்தப் பதவிக்கு ஆள் எடுத்ததே இல்லை. சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ காலமெல்லாம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வுபெற்று, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்ததும் பதவி தானாக வந்து சேர்ந்துவிடும். சம்பளம் கிடையாது. ஓவர்டைம் நிறைய.

காலையில் பெண்கள் பக்கெட்டும் கையுமாகத் தோட்டத்துப் பக்கம் வரும்போது இவருக்கு டியூட்டி ஆரம்பம். வேலியோரம் நின்று, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்ப்பார். துணியைப் பார்க்க மாட்டார். இதை அவர் சார்பில் சொல்லிவிடுவது நல்லது. ஆரம்பத்தில் தெருவில் அதுபற்றிக் கொஞ்சம் பேச்சு இருந்தது. அவருடைய குறியெல்லாம் முடிச்சு மேல்தான்.

"ஏம்மா, இது ஜி.ஐ. கம்பிதானே?"

"ஆமா சார். நைலான் கயிறு வெயில்ல இத்துப் போயிடுது."

"கயிறு இத்துப் போனா துணி விழும். கம்பியில கரண்ட் வந்தா நீ விழுவே. அந்த முனை எதுல கட்டியிருக்கு?"

"ஷெட்டு இரும்புக் கால்ல."

"ஷெட்டுல லைட் இருக்கா?"

"இருக்கு சார்."

"எல்.சி. வாங்கினியா?"

லைன் கிளியர் வாங்காமல் எந்த வேலையையும் தொட்டுப் பழகாதவர். கரண்ட் நிறுத்தியாச்சு என்று எழுத்தில் வராமல் ஈரத் துண்டைக்கூட உதறக் கூடாது என்பது அவர் கட்சி.

சிரிக்கலாம். ஆனால் ஆள் சொல்வதில் பிசகு இல்லை. ஷெட்டுக்குப் போகும் ஒயரில் எங்கோ ஓரிடத்தில் தோல் உரிந்து தகரத்தைத் தொட்டால் போதும். இரும்புக் காலும் கம்பியும் ஒரே லைன்தான். மேலே ஈரத்துணி, கீழே ஈரமண், நடுவில் செருப்பில்லாமல் ஒருத்தி. மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியம் மழைக்காலம்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சொல்கிறவருக்கு வேலை ஓயவில்லை, கட்டுகிறவருக்கும் ஓயவில்லை. கொடி தரும் முதல் ஷாக்கை "லேசா ஜிவ்வுனு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே கம்பியில் புடவையை வீசுகிறவர்களை நினைத்தால் இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் வராது.

1962-இல் ஓடத் தொடங்கி 2020-இல் நிறுத்தப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தில் இருந்தவர். "600 மெகாவாட் பக்கத்துல நின்னவன். நான் பயப்படுறது 30 மில்லி ஆம்பியருக்குத்தான்" என்பார். கணக்குச் சரி. ஒரு பதினைந்து வாட் பல்பு குடிப்பதில் பாதிகூட இல்லை அது. அதற்கு மேல் உடம்பு வழியே கசிந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் கசிவு கண்டதும் கரண்டை நிறுத்தும் வீட்டு ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் அந்த அளவிலேயே விழும்படி செய்திருக்கிறார்கள். அடிக்கடி விழுகிறது, தொந்தரவு என்று அதை எலக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றிப் போட்ட வீட்டில் அவர் காபி குடிப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

மரத்தில் கட்டினாலும் விடமாட்டார். முருங்கை என்றால் 2011 டிசம்பர் 30-க்குப் போய்விடுவார். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததில் தொடங்கி, காக்கா உட்கார்ந்தாலே ஒடிகிற முருங்கையை நம்பி ஜமக்காளம் காயப்போடலாமா என்பதில் வந்து முடிப்பதற்குள் ஜமக்காளமே காய்ந்திருக்கும்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் நெடுகிலும் ஒரு கயிறு ஓடும். ஆபத்தென்றால் பக்கத்தில் நிற்கிறவர் எவரும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். கயிறு என்றால் அவருக்கு அதுதான் கயிறு. சைக்கிளில் வரும் பையனின் கழுத்துக்கு நேராகத் தொங்குவதெல்லாம் கயிறே அல்ல. எனவே சந்தோரம் இருந்த கொடிகளில் எல்லாம், கண்ணுக்குத் தெரியட்டும் என்று, ஒரு மார்ச் 4-ஆம் தேதி, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று, சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். அந்த வழியாக வந்த இடதுசாரிச் சங்கத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, வட்டம் முழுக்க நம்ம பக்கம் வந்துவிட்டதே என்று கண்கலங்கினாராம்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? பகலெல்லாம் ஒருவர் கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவரை வைத்து ஆகவேண்டியதைப் பார்க்கத் தெரியாதவர்களா? ஐப்பசி வானம் இருண்டால் முன்பெல்லாம் தெருவே ஓடும். இப்போது சீரியல் பார்க்கிற இடத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: "சார், தூறுது!"

ஓடுவது அவர்தான், ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு. ஏழெட்டு வீட்டுத் துணியும் அவர் வராந்தாவுக்கு வரும். கொடுப்பதற்கு லாக்புக் உண்டு. மூன்றாம் நம்பர் வீடு: லுங்கி 2, சுடிதார் 1, துப்பட்டா இல்லை, எடுக்கும்போதே இல்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் துணி கைக்கு வரும். கையெழுத்துக்குக் கீழே நேரமும் எழுத வேண்டும்.

போன மழையன்று கடைசி லுங்கியையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்தார். மருமகள் பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். தோட்டத்துக் கொடியில் அவருடைய வேட்டி உட்பட எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, நம்ம வீட்டுத் துணி?"

அவர் லாக்புக்கைத் திறந்து விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார்.

"என்ட்ரியே இல்லையேம்மா."