துருநிறப் பன்னம்

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கரையில், கண்டல்களுக்குள் நிற்கும் பன்னத்தின் இலையடி முழுக்கத் துருநிறம். துருப் பங்கசு பிடித்துவிட்டதா?

பதில்: அது நோயில்லை, மகப்பேறு. அக்ரொஸ்டிக்கம் எனப்படும் அந்தக் கண்டல் பன்னத்தில், நுனிப்பக்கச் சிற்றிலைகளின் அடியை வித்திக்கலன்கள் இடைவெளியே இல்லாமல் மூடிக்கொள்ளும். விரலால் தேய்த்தால் செங்கபிலத் தூள் ஒட்டும்.

உண்மையான பன்னத் துருக்கள் பலவற்றுக்குத் துருநிறமே கிடையாது. யூரிடினோப்சிஸ், மிலெசினா ஆகியவற்றின் கோடை வித்திகள் நிறமற்றவை; இலையடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஹையலோப்சோரா மட்டும் மஞ்சள் பூசிக்கொள்ளும். இவற்றின் வாழ்க்கை வட்டம் நிறைவேற இரண்டு விருந்துவழங்கிகள் வேண்டும்: பன்னமும், குளிர்நாட்டு ஃபிர் மரமும். பன்ன இலைக்குள் குளிர்காலத்தைக் கழித்த வித்தி வசந்தத்தில் முளைத்துச் சிறுவித்திகளை விடும். அவை ஃபிர்ரின் இளம் ஊசியிலைகளைத் தொற்றும். அங்கே உண்டாகும் வேறுவகை வித்தி மறுபடி பன்னத்துக்கு வரும். மட்டக்களப்பில் ஃபிர்ருக்கு எங்கே போவது? (பன்னத்திலிருந்து பன்னத்துக்கே தாவிப் பிழைக்கும் கெட்டிக்காரத் துருக்களும் உண்டு.)

வகைப்பாட்டில் இவை புக்சினியேல்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. பன்னம் பழைய தாவரம், ஆகவே அதன் துருவே மூத்தது என்று நெடுங்காலம் எழுதினார்கள். வீட்டின் வயதை வைத்து வாடகைக்காரரின் வயதைச் சொன்ன கணக்கு அது. மரபணு ஒப்பீடு வந்ததும் பன்னத் துருக்கள் அந்த மூத்த இடத்தை இழந்தன. அடிக்கிளைகளில் வந்து நின்றவற்றுள் ஒன்று ஹெமிலியா: 1869இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்டு, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களைத் தேயிலைக்கு மாறவைத்த துருவின் சாதி.