முப்பது நாட்களில் தமிழ் மூலம் நாவல்

பஸ் ஸ்டாண்ட் கடைகளில் முப்பது நாட்களில் இந்தி, முப்பது நாட்களில் மலையாளம் என்று புத்தகங்கள் தொங்குமே, அந்த வரிசையில் இது புது வரவு. 1999-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர், கூட இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் என்று கிளம்பினார். பின்னாலேயே உலகம் கிளம்பியது. இலக்கு 50,000 சொல். நீங்களும் இறங்கிவிட்டீர்கள், தெரியும். இறங்கியதை முறைப்படி செய்வோம்.

1. எழுதுமுன் அறிவியுங்கள். குடும்ப வாட்ஸப் குழு, ஆபீஸ், தெருமுனை டீக்கடை, எதையும் விடாதீர்கள். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் ஒரு தூணில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்துப் படம் எடுங்கள், பின்னட்டைக்கு ஆகும். தலைப்பையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கதை பிறகு வந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும்.

2. நவம்பரையே பிடியுங்கள். அமெரிக்காவில் நவம்பரில் வெளியே தலைகாட்ட முடியாது, வீட்டில் கிடந்து எழுதலாம் என்றுதான் 2000-இல் போட்டியை ஜூலையிலிருந்து அந்த மாதத்துக்கு மாற்றினார்கள். நமக்கு எப்படி? நான் இறங்கிய 2023 நவம்பரைப் பாருங்கள். 12 தீபாவளி. 15 உலகக் கோப்பை அரையிறுதி. 17 கார்த்திகை பிறப்பு, வீட்டில் ஒருவராவது மாலை போட்டாக வேண்டும். 18 திருப்பரங்குன்றத்தில் சூரசம்ஹாரம். 19 இறுதி ஆட்டம். தோற்றதால் 20, 21 துக்கம். 26 திருக்கார்த்திகை. இத்தனைக்கும் நடுவில் எழுதப்போகிறோம் என்று நினைக்கும்போதே ஒரு மிடுக்கு வரும். அதை அனுபவியுங்கள். போதும்.

3. இடம் தேடுங்கள். புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தது, நல்ல ஏசி. மாடிக்கு மாடி உட்கார்ந்து, எந்த நாற்காலி கதைக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள். மூன்று நாள் ஓடும்.

4. கணக்குப் போடுங்கள். நாளுக்கு 1,667 சொல். முதல் ஆறு நாள் சும்மா இருந்தால் 2,083 சொச்சம். இதை எக்ஸெலில் ஏற்றி, எழுதாத நாளுக்குச் சிவப்பும் எழுதிய நாளுக்குப் பச்சையும் அடியுங்கள். எந்தப் பச்சை என்று முடிவுசெய்யவே ஒரு சாயங்காலம் போகும். அட்டவணை நாவலைவிட நன்றாக அமையும், மனதைத் தளரவிடாதீர்கள்.

5. பிரித்து எழுதுக. இதுதான் பாடத்தின் உயிர், நிதானமாகக் கேளுங்கள். 'ஐ வில் நாட் கம்' என்றால் வெள்ளைக்காரனுக்கு நாலு சொல். நமக்கு 'வரமாட்டேன்', ஒன்றே ஒன்று. இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டு சொல் எண்ணும் போட்டிக்குப் போனால் என்ன மிஞ்சும்? ஆகவே ஆறாம் வகுப்பை நினைத்துக்கொண்டு உடையுங்கள். 'எழுதிக்கொண்டிருந்தான்' என்று எழுதுகிறவன் ஏமாளி. 'எழுதிக் கொண்டு இருந்தான்', மூன்று. 'போய்விடவேண்டியதாயிற்று' வந்தால் லாட்டரி. 'போய் விட வேண்டியது ஆயிற்று', நாலு. ஒற்று மிகுமா மிகாதா என்று குழம்பாதீர்கள். ஒற்றை யாரும் எண்ணுவதில்லை.

அடுத்து நாயகன் பெயர். 'பாண்டி' என்று வைத்தால் பிழைக்க முடியாது. 'மேல மாசி வீதி முத்துக்கருப்பன் மகன் பாண்டி', ஆறு சொல். 'அவன்' என்ற சொல்லை வீட்டிலிருந்தே விரட்டுங்கள். காதலி காதோடு கிசுகிசுத்தாலும் "மேல மாசி வீதி முத்துக்கருப்பன் மகன் பாண்டி, என்னை மறந்து விட்டு விடாதே" என்றுதான் கிசுகிசுக்க வேண்டும். அப்படியும் போதவில்லை என்றால் பாண்டியை டவுன் பஸ்ஸில் ஏற்றுங்கள். மாட்டுத்தாவணி, கே.கே. நகர், அண்ணா பஸ் ஸ்டாண்ட், கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினவர், ஏறினவர், சில்லறை இல்லாதவர். ஒரு நடைக்கு நானூறு சொல் நிச்சயம். எதையோ மறந்துவிட்டு அவன் திரும்பிப் போகட்டும்.

6. கொலைகாரனுக்கும் பசிக்கும். கத்தியை எடுக்கும் முன் ஒரு ஜிகர்தண்டா குடிக்கவையுங்கள். காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம், எல்லாம் தனித்தனி வாக்கியமாக.

7. பெரியவர்களைத் துணைக்கு அழையுங்கள். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை வெண்முரசில் 26 நாவல் எழுதிய ஜெயமோகனைச் சொல்லுங்கள். 1,500 நாவல் தாண்டிய ராஜேஷ்குமாரைச் சொல்லுங்கள். மாத நாவல் உலகத்தார் இந்தப் போட்டியை மாதாமாதம் பிழைப்பாகவே நடத்தினார்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். உள்ளூரில் சு. வெங்கடேசன் 'காவல் கோட்ட'த்துக்குப் பத்து வருடம் எடுத்துக்கொண்டார். நம் வேகத்தில் போயிருந்தால் நூற்றிருபது காவல் கோட்டம் வந்திருக்கும். ஜி. நாகராஜன் பக்கம் போகவே போகாதீர்கள். மதுரை டுடோரியலில் கணக்கு நடத்தியவர்தான், ஆனாலும் சொல்லை எண்ணத் தெரியாத மனுஷன். 1974-இல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' ஒருவனின் ஒரே ஒரு நாள், மெலிந்த புத்தகம். படித்தால் நமக்குக் கை ஓடாது.

8. எழுதியதைத் திரும்பிப் படிக்காதீர்கள். என் கதாநாயகி 9-ஆம் தேதி வைகையில் குதித்துச் செத்தாள். 14-ஆம் தேதி காபித் தம்ளரோடு வந்து நின்றாள். படித்துப்பார்த்த அம்மா, "ஏப்பா, செத்தவ எப்படி காப்பி கொண்டாருவா?" என்றார். பிறகு அவரே சமாதானமானார்: "அதுசரி, நம்ம வைகையில விழுந்தா எங்கிட்டுச் சாக? முட்டிதான் பேந்திருக்கும்." அப்படியே சேர்த்துக்கொண்டேன். முட்டிக்கு மட்டும் அறுநூறு சொல்.

9. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று பேப்பரில் வரும் நாளில், எட்டு ஐம்பத்தெட்டுக்கு உட்காருங்கள். சேவ் செய்யாதீர்கள்.

10. முடித்ததும் யாரிடமாவது கொடுக்கத் தோன்றும். பொற்றாமரைக் குளத்தில் ஏட்டைப் போட்டால் நல்லது மிதக்கும், மற்றது முங்கும் என்பது இந்த ஊர் ஐதீகம். அந்த வம்பு வேண்டாம். அதற்குப் பக்கத்து வீட்டுத் தமிழய்யா மேல். ரிட்டயர்டு ஆள், சும்மாதானே இருக்கிறார். நான் 50,012 சொல்லை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் திருப்பித் தந்தார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே, சொல்லுக்குச் சொல், சிவப்பு மையில் பாலம் பாலமாக வளைத்துச் சேர்த்திருந்தார். மேலே, "சேர்த்து எழுதுக". சேர்த்து எண்ணினேன். 36,400.

உடனே டீக்கடைக்குப் போங்கள். "முடிச்சிட்டீகளாண்ணே?" என்பார் கடைக்காரர். தலையாட்டுங்கள். "என்ன கதைண்ணே?" என்பார். ஐம்பதாயிரத்துப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு, வடை சூடா என்று கேளுங்கள்.