கதவை மூடுங்கள், பிறகு கிளம்புங்கள்!

ஒரு ஃபெர்ரியில் எத்தனை கார் ஏறும்?

டப்ளினுக்கும் ஹோலிஹெட்டுக்கும் இடையே ஓட 2001-ல் வந்த 'யுலிசீஸ்' கப்பலில் 1,342 கார்கள். அதற்கு மேல் தளங்களில் சுமார் இரண்டாயிரம் பயணிகள், உணவகம், கடைகள். கீழே பார்க்கிங், மேலே ஊர்!

கரை சேர்ந்ததும் ஊழியர்களுக்கு ஓய்வுதானே?

அப்போதுதான் அவர்களுக்கு உச்சகட்ட வேலை. ஆஸ்லோவிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் ஃபெர்ரி காலை 10 மணிக்கு ஜெர்மனியின் கீல் துறைமுகத்தைத் தொடும். மதியம் 2 மணிக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் வண்டிகள் இறங்கி, நூற்றுக்கணக்கான அறைகளில் படுக்கை விரிப்பு மாறி, சமையலறைக்குச் சரக்கு வந்து, புது வண்டிகளும் ஏறியாக வேண்டும்.

ஹேண்ட்பிரேக் போட்டால் போதாதா? லாரிக்கு எதற்குச் சங்கிலி?

கடல் ஆட்டினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. கனமான லாரியைத் தளத்திலுள்ள கொக்கிகளோடு சங்கிலியால் இறுக்குவார்கள். லாரிகள் ஒரு பக்கமாக ஏறும்போது கப்பல் சாயாதிருக்க, அடித்தொட்டிகளில் தண்ணீரை இடமும் வலமும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குளிர்பதன லாரிகளுக்குக் கப்பலிலிருந்தே மின்சாரம். மீனும் இறைச்சியும் கெடாமல் அக்கரை சேரும்.

ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கி போகும் கப்பல், நள்ளிரவில் ஆலண்ட் தீவில் ஏன் நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே வரியில்லா விற்பனை 1999-ல் நின்றது. ஆனால் ஆலண்டுக்கு வரி விலக்கு உண்டு. அங்கே சற்று நின்றால் கப்பலின் கடைகள் வரியில்லாமல் விற்கலாம். அந்த வருமானம் இந்தத் தடத்துக்குப் பெரிய ஆதரவு.

கார் தளத்தின் கதவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1987 மார்ச் 6. பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' முன்கதவைத் திறந்தபடியே கிளம்பியது. மூட வேண்டியவர் தூங்கிவிட்டார். திறந்திருந்ததைப் பார்த்தவர் அது தன் வேலையில்லை என்று போனார். மூடியாயிற்று என்றே கேப்டன் எண்ணினார். தடுப்புச் சுவரில்லாத கார் தளத்தில் புகுந்த நீர், தாம்பாளத்துத் தண்ணீர் போல ஒரே பக்கம் திரண்டு கப்பலைக் கவிழ்த்தது. 193 பேர் இறந்தார்கள்.

தவறு அந்த ஒரு ஊழியருடையதா?

இல்லை. கதவு மூடியிருப்பதைக் காட்டும் விளக்கு வேண்டுமென்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. சீக்கிரம் கிளம்பும்படி நெருக்குதலும் இருந்தது. சில விளக்குகளின் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகாவது பாடம் கற்றார்களா?

கற்றார்கள், எச்சரிக்கை விளக்குகள் கட்டாயமாயின. ஆனால் 1994 செப்டம்பர் 28-ல் 'எஸ்டோனியா' ஃபெர்ரியின் முகப்பு மூடியே புயலலையில் பிய்த்துக்கொண்டு போனது. கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். கார் தளத்தில் நீர் புகுந்தாலும் கப்பல் தாங்க வேண்டும் என்ற விதியை வட ஐரோப்பிய நாடுகள் 1996-ல் ஏற்றன. பாதுகாப்பு விதிகள் பலவும் இப்படி உயிரை விலையாகக் கேட்டே வந்திருக்கின்றன.

கப்பல் பத்து நிமிடம் தாமதமானால் சத்தம் போடலாமா?

வேண்டாம். கீழே ஒருவர் கதவின் பூட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். அவரை அவசரப்படுத்த கேப்டனுக்கே உரிமையில்லை. டிக்கெட் வாங்கிய நமக்கும் இல்லை.